ஆபத்தான சரக்கு ஏற்றும் ஓட்டுநருக்கான மூன்று நாள் பயிற்சி: ராமநாதபுரத்திலிருந்து ஒரு மதிப்புரை

கனரக உரிமம் எடுத்த கையோடு டேங்கர் லாரியில் ஏற வேண்டும் என்று நினைக்கும் இளைஞர்கள் மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வட்டாரத்தில் கணிசமாக இருக்கிறார்கள். மீன் வண்டியிலும் உப்பு லாரியிலும் கை பழகியவர்களுக்கு அது அடுத்த படி. ஆனால் பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு, அமிலம், அமோனியா போன்றவற்றை ஏற்றிச் செல்ல வெறும் கனரக உரிமம் போதாது. உரிமத்தில் ஹசார்டஸ் எண்டார்ஸ்மென்ட், அதாவது ஆபத்தான சரக்கு வண்டியை ஓட்டுவதற்கான தனி அனுமதி, பதிவாகியிருக்க வேண்டும். அதற்காக ராமநாதபுரம் நகரை ஒட்டி இயங்கும் ஒரு பயிற்சிப் பள்ளியில் மூன்று நாள் வகுப்பை அண்மையில் முடித்தேன். பள்ளியின் பெயரை இங்கே தரவில்லை. நான் காணும் குறைகளில் பெரியது அந்த ஒரு பள்ளியோடு நிற்பதும் அல்ல. வகுப்பில் சேரலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தயங்காமல் சேரலாம் என்பதே. சரக்கைப் பற்றி அங்கே நன்றாகக் கற்றுத்தருகிறார்கள். அந்தச் சரக்கைச் சுமக்கும் தொட்டியை எப்படி ஓட்ட வேண்டும் என்பதைத்தான் கற்றுத்தருவதில்லை.

சட்டம் கேட்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 9-ஆம் விதிப்படி, மனித உயிருக்கு ஆபத்தான சரக்கை ஏற்றும் வண்டியின் ஓட்டுநர், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள ஓர் இந்திய மொழியையும் ஆங்கிலத்தையும் எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மாநில அரசின் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் மூன்று நாள் பயிற்சியை முடித்துச் சான்றிதழும் பெற்றிருக்க வேண்டும். போக்குவரத்து வாகன ஓட்டுநர்களுக்கு இருந்த எட்டாம் வகுப்புத் தகுதி 2019-இல் நீக்கப்பட்டதால், இந்த எழுத்தறிவு நிபந்தனையும் போய்விட்டதாக நம் பக்கத்தில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது போகவில்லை. எண்டார்ஸ்மென்ட் முன்பு ஓராண்டுக்கு மட்டுமே செல்லுபடியானது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மூன்றாண்டுகளுக்குச் செல்லும்.

முதல் இரண்டு நாட்களும் தற்காப்பு ஓட்டுதலுக்கும் ஓட்டும் திறனுக்கும் உரியவை. விபத்துக்கான காரணங்கள், ஓட்டுநரின் உடல்நிலை, நிறுத்தத் தூரம், ரயில்வே கேட், இரவுப் பயணம், எதிரே வரும் வண்டியோடு மோதாமல் தப்புவது என்று பாடம் வரிசையாகப் போகிறது. கனரக உரிமத்துக்குப் படித்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்ததுதான். ஆனாலும் பயிற்றுநர் அதை நம் சாலைக்குக் கொண்டுவந்த இடம் மனத்தில் நின்றது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஓட்டுநரின் கண் பார்த்துக் கால் பிரேக்கை அடையும் ஒரு விநாடிக்குள் 16 மீட்டருக்கும் மேல் போய்விடுகிறது. பிரேக் வேலை செய்யத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, பாம்பன் சாலைப் பாலத்தில் கடலைப் பார்ப்பதற்காகச் சுற்றுலா வண்டிகள் திடீரென்று ஓரங்கட்டுவதை அவர் நினைவூட்டினார். 1988-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. ராமேசுவரம் தீவுக்குச் சாலை வழியாகப் போகும் ஒவ்வொரு லிட்டர் டீசலும் ஒவ்வொரு சமையல் எரிவாயு உருளையும் அதைக் கடந்தே ஆக வேண்டும். பாலத்தின் நடுவே, நின்றுகொண்டிருக்கும் காரைப் பார்த்துவிட்டு ஒதுங்குவதற்குத் தார்ச்சாலைக்கு வெளியே மண் இல்லை. ஆகவே முன்வண்டிக்கு விடும் இடைவெளியை அங்கே இரட்டிப்பாக்க வேண்டும் என்று அவர் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

இரண்டாம் நாளின் களப் பயிற்சி ஏமாற்றம் அளித்தது. ஒரு நேரத்தில் ஓர் ஓட்டுநர் என்ற முறையில் களப் பயிற்சி நடக்க வேண்டும் என்று பாடத்திட்டமே சொல்கிறது. எங்களுக்குக் கிடைத்தது, பள்ளி வளாகத்தில் நின்ற ஒரு பழைய சரக்கு லாரியைச் சுற்றி எல்லோரும் நின்று பார்த்ததும், ஆளுக்கு ஒரு சுற்று ஓட்டியதும்தான். வண்டியை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவற்றை, அதாவது வெளிப்புறம், அடிப்புறம், சரக்கின் பக்கம், உட்புறம் ஆகியவற்றை ஒரு பட்டியலாக்கி ஒவ்வொருவரையும் சத்தமாகச் சொல்லச் செய்தது நல்ல பழக்கம். நிறுத்திய பிறகு சக்கரத்துக்குக் கட்டை வைப்பதையும், வண்டியைத் தனியே விட்டுப் போகக் கூடாது என்பதையும் அழுத்தமாகச் சொன்னார்கள். ஆனால் டேங்கர் ஒன்றுகூட வளாகத்தில் இல்லை. வால்வைப் பற்றிய பாடம் படத்தில் மட்டுமே நடந்தது. டெலிவரி வால்வையும் அவசர மூடுகைப்பிடியையும் தொட்டுப் பார்க்காதவருக்கும் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது. கட்டணம் வாங்கும் பள்ளி, அருகிலுள்ள ஏதேனும் ஒரு லாரி உரிமையாளரிடம் பேசிக் காலியான, வாயு நீக்கிய டேங்கர் ஒன்றை அரை நாளுக்குக் கொண்டுவந்து நிறுத்துவது இயலாத காரியம் அல்ல.

மூன்றாம் நாளுக்காகவே இந்த வகுப்பில் சேரலாம். சரக்கின் பாதுகாப்பு அன்றுதான் பாடம். பாடம் எடுத்தவர் எரிபொருள் கிடங்கில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "தம்பி, பெயரைப் படிக்காதீங்க, நம்பரைப் படிங்க" என்று தொடங்கியவர், டேங்கரின் இரு பக்கங்களிலும் பின்புறத்திலும் இருக்க வேண்டிய அவசரத் தகவல் பலகையை ஓர் அட்டையில் முழு அளவில் வரைந்து சுவரில் சாத்தி வைத்திருந்தார். சரக்கின் பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில், சரக்கை அடையாளம் காட்டும் ஐ.நா. எண் 100 மில்லிமீட்டருக்குக் குறையாத இலக்கத்தில், ஆபத்து வகையைக் காட்டும் சாய்சதுர முத்திரை 250 மில்லிமீட்டர் அளவில், அதனருகே அவசரத் தொலைபேசி எண்கள். எண் ஏன் பெயரைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதைப் புரியவைக்க எங்களை வகுப்பறையின் கடைசிச் சுவர் வரை பின்னுக்கு அனுப்பினார். அங்கிருந்து பெயர் மங்கிவிட்டது. 1203 மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வண்டி கவிழ்ந்து கிடக்கும்போது தீயணைப்பு வீரர் கிட்டே வராமலேயே படிக்க வேண்டியது அந்த எண்ணைத்தான். 1203 என்றால் பெட்ரோல், 1202 டீசல், 1075 சமையல் எரிவாயு, 1789 ஹைட்ரோகுளோரிக் அமிலம், 1830 கந்தக அமிலம், 1005 அமோனியா. இவற்றை மனப்பாடமாக ஒப்பிக்க வைத்த பிறகே அவர் அடுத்த பாடத்துக்குப் போனார்.

விபத்தின்போது என்ன செய்ய வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லும் ஹஸ்கெம் குறியீட்டையும் அதே நிதானத்தோடு விளக்கினார். பெட்ரோல் வண்டியில் 'மூன்று, ஒய், இ' என்று எழுதியிருக்கும். முதலில் வரும் மூன்று, நுரையால் அணைக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஒய், வெடிக்கும் அபாயம் உண்டு, சிந்தியதை ஓடவிடாமல் தடுத்து நிறுத்த வேண்டும் என்கிறது. கடைசி எழுத்து, சுற்றியுள்ள மக்களை வெளியேற்றுவது பற்றி உடனே யோசிக்கச் சொல்கிறது. இத்தனை நாளும் டேங்கருக்குப் பின்னால் போய்க்கொண்டே பார்த்திருந்த மூன்று எழுத்துகளுக்குள் இவ்வளவு செய்தி இருக்கிறது. கேபினில் வைத்திருக்க வேண்டிய ட்ரெம் கார்டையும், அதாவது சரக்கின் ஆபத்தையும் அவசர நடவடிக்கையையும் சொல்லும் அட்டையையும், வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கார்டு எங்கோ சீட்டுக்கு அடியில் கிடக்கக் கூடாது, கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்றார். விதிகளின்படி அதைக் கேபினில் வைத்திருப்பது ஓட்டுநரின் பொறுப்பு. ஆபத்தைப் பற்றிய முழுத் தகவலையும் எழுத்தில் தர வேண்டியது சரக்கை அனுப்புபவரின் பொறுப்பு. ஆகவே கார்டு இல்லாமல் வண்டியை எடுக்கச் சொன்னால் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு உண்டு.

காலி டேங்கரைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் புதிது. பெட்ரோல் நிறைந்த தொட்டிக்குள் தீப்பற்ற வேண்டிய காற்று குறைவு. இறக்கி முடித்த தொட்டியிலோ ஆவியும் காற்றும் கலந்து, ஒரு சிறு பொறிக்காகக் காத்திருக்கும் நிலை உருவாகிவிடுகிறது. காற்றில் பெட்ரோல் ஆவி ஒன்றரை சதவீதம் இருந்தாலே போதும், தீப்பிடிக்கும். சமையல் எரிவாயு இரண்டு சதவீத அளவிலேயே தீப்பிடிக்கும். அது காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே போகாமல் தரையோடு பரவி, சாலையோர வாய்க்காலிலும் பள்ளத்திலும் தேங்கிக்கொள்ளும். திரவமாக இருப்பது ஆவியாகும்போது சுமார் 250 மடங்கு விரிகிறது. இறக்கும் முன், நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் கிளிப்பை மாட்டாமல் ஹோஸில் கை வைக்கக் கூடாது என்பதையும், வெயிலில் தொட்டிக்குள் பெட்ரோல் விரியும் என்பதால் மேலே இடம் விட்டே நிரப்ப வேண்டும் என்பதையும் இதனோடு சேர்த்துச் சொன்னார். 12,000 லிட்டர் பெட்ரோல் பத்து டிகிரி சூடேறினால் நூறு லிட்டருக்கும் மேல் கூடுகிறது. நம் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் பத்து டிகிரி என்பது காலைக்கும் மதியத்துக்கும் இடையிலான வித்தியாசம்.

அன்றைய வகுப்பில் நான் மிகவும் மதித்த பகுதி, சிந்திய சரக்கு தண்ணீரில் கலக்காமல் காப்பது. கிணறு, ஆறு, ஏரி ஆகியவற்றின் பாதுகாப்பு பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. வேறு எங்கும் அதை ஒரு வரியில் கடந்துபோகலாம், இந்தக் கரையில் கடக்க முடியாது. ராமேசுவரம் தீவிலும் கடலோர மணற்பாங்கான ஊர்களிலும் நல்ல தண்ணீர், அடியிலுள்ள உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய அடுக்காக நிற்கிறது. மணல் எதையும் தடுத்து நிறுத்தாது. சாலையோரத்தில் கொட்டும் டீசல் இறங்கி அந்த அடுக்கின் மேல் படர்ந்துவிட்டால், பக்கத்து வீட்டுக் கிணறு ஆண்டுக்கணக்கில் நாறும். ஊருணிகளோ பல ஊர்களில் சாலைக்குத் தொட்டடுத்தே இருக்கின்றன. மழைத் தண்ணீர் அவற்றுக்குள் போகும் அதே வரத்துக்கால் வழியாகத்தான் அமிலமும் போகும். ஆகவே வண்டியை நிறுத்திய உடனே வரத்துக்கால் எந்தப் பக்கம் என்று பார்த்து, மணலை அள்ளி அதன் வாயை அடைக்க வேண்டும் என்றார் பயிற்றுநர். தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரசாயனம் ஏற்றி வரும் ஓட்டுநர்களுக்கு இதைவிட முக்கியமான பாடம் இருக்க முடியாது.

மணலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதற்கு அவர் ஒரு சோதனை செய்து காட்டினார். கடற்கரையில் அள்ளிய மணலை ஒரு கண்ணாடித் தட்டில் பரப்பி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். கிளிஞ்சல் துணுக்குகள் இருந்த இடங்களிலெல்லாம் வெண்ணுரை பொங்கி, மெல்லிய சீறல் கேட்டது. கிளிஞ்சலில் உள்ள சுண்ணாம்பு அமிலத்தோடு சேர்ந்து கரியமில வாயுவை விடுகிறது. ஒரு வகையில் அது நல்லது, அமிலத்தின் வீரியம் குறைகிறது. ஆனால் தொட்டிக் கணக்கில் கொட்டிய இடத்தில் அந்த நுரை அமிலத் துளிகளைத் தெறிக்க வைக்கும் என்பதால், முகக்கவசமும் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் கிட்டே குனிந்து மணலைக் கொட்டக் கூடாது. பாடத்திட்டத்தில் எழுதியிராத இந்தச் செயல்விளக்கத்துக்காகவே அந்தப் பயிற்றுநருக்கு என் நன்றியைப் பதிவு செய்கிறேன்.

காற்றின் திசை பார்க்கும் பாடத்தில் நம் பையன்கள் பயிற்றுநருக்கே துணை நின்றார்கள். கசிவு ஏற்பட்டால் காற்று வரும் பக்கமாக ஒதுங்க வேண்டும் என்றதும், வாடைக் காற்றுக்கு எந்தப் பக்கம், கச்சான் காற்றுக்கு எந்தப் பக்கம் என்று படகு வீட்டுப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். ஐஸ் கம்பெனிகளில் குளிரூட்டப் பயன்படும் அமோனியாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் நேரம் ஒதுக்கியிருக்கலாம். மீன்பிடித் துறைமுகங்களை ஒட்டி அது நடமாடும் பொருள். காற்றைவிட இலேசானது என்று புத்தகம் சொன்னாலும், அழுத்தத்திலிருந்து குளிர்ந்து பீறிடும்போது தரையோடு படர்வது என்பதால், அதைத் தனியே விளக்க வேண்டியிருக்கிறது.

இனி அந்தப் பெரிய குறை. நம் நாட்டுச் சட்டத்தில் டேங்கர் ஓட்டுவதற்கென்று தனி எண்டார்ஸ்மென்ட் கிடையாது. அமெரிக்காவில் இரண்டும் தனித்தனி: தொட்டி வண்டிக்கு 'என்', ஆபத்தான சரக்குக்கு 'ஹெச்', இரண்டும் சேர்ந்தால் 'எக்ஸ்'. அங்கே 1,000 கேலன், அதாவது சுமார் 3,785 லிட்டர் அல்லது அதற்கு மேல் திரவம் கொள்ளும் தொட்டியை வணிக வாகனத்தில் ஏற்றினால், உள்ளே இருப்பது பாலாக இருந்தாலும் தண்ணீராக இருந்தாலும் 'என்' வேண்டும். அதற்குத் தனி எழுத்துத் தேர்வு உண்டு. 'ஹெச்' கேட்பவரின் பின்னணியை மத்திய பாதுகாப்பு அமைப்பு சரிபார்க்கிறது. 2022 பிப்ரவரியிலிருந்து, அதைப் புதிதாகக் கேட்பவர் தேர்வுக்கு முன் பதிவு பெற்ற பயிற்சியாளரிடம் பாடமும் முடிக்க வேண்டும். சரக்கின் ஆபத்து வேறு, தொட்டியின் ஆபத்து வேறு என்பதை அந்த ஏற்பாடு ஒத்துக்கொள்கிறது. நம் மூன்று நாள் வகுப்பில் தொட்டியின் ஆபத்துக்கு ஒதுக்கியது சில நிமிடங்கள்தான்.

அந்த ஆபத்து சின்னது அல்ல. பாதி நிரம்பிய தொட்டியில் பிரேக் போட்டால் வண்டி நிற்கும், உள்ளேயிருக்கும் திரவம் நிற்காது. முன்சுவரில் மோதி வண்டியை முன்னே தள்ளும், பிறகு பின்னே போய்த் திரும்பவும் வரும். குறுக்கே ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகள் இந்த முன்பின் அலைச்சலைக் குறைக்கும்; பக்கவாட்டு அலைச்சலை அவை தடுப்பதில்லை. வளைவில் கவிழ்வது அந்தப் பக்கவாட்டு அலைச்சலால்தான். பெட்ரோல் லாரியில் தனித்தனி சேம்பர், அதாவது தடுப்பறை, இருப்பது உதவிதான் என்றாலும், முதல் பெட்ரோல் பங்கில் எந்தச் சேம்பரை இறக்கினோம் என்பதைப் பொறுத்து அச்சுகளின் மேலுள்ள பாரம் மாறிவிடுகிறது. காலியான உயரத் தொட்டிக்குக் குறுக்குக் காற்று வேறு பகை. பாம்பன் பாலத்தில் ஆடிக் காற்று அடிக்கும்போது காலி வண்டியோடு போகிறவர் இதைக் கையிலேயே உணர்வார். 2025 ஜனவரி 3 அன்று அதிகாலை கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் எரிவாயு ஏற்றிய புல்லட் டேங்கர் கவிழ்ந்து வாயு கசிந்ததும், சுற்றிலுமுள்ள பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். டேங்கர் கவிழ்வதைத் தடுக்கும் பாடம், கவிழ்ந்த பின் செய்ய வேண்டிய பாடத்துக்கு முன்னால் வர வேண்டும் அல்லவா?

இந்த வித்தையை நம் பக்கத்தில் இன்று கற்றுத்தருவது தண்ணீர் லாரிதான். குடிதண்ணீர் ஏற்றிச் செல்லும் லாரிகளில் பலவற்றுக்குத் தடுப்புத் தகடு கிடையாது; அவற்றை ஓட்டிய அண்ணன்மார்களுக்கு, பிரேக்கைச் சீராக மிதிப்பதும், நின்ற பிறகும் காலை எடுக்காமல் அலை அடங்கும் வரை அழுத்திவைப்பதும், வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறைத்து வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் போவதும் பழக்கமாகிவிட்டிருக்கிறது. தண்ணீர் சிந்தினால் ஊர் எரியாது. ஆகவே எண்டார்ஸ்மென்ட் எடுக்கப் போகிற தம்பிகள், பெட்ரோல் வண்டியில் ஏறும் முன் தெரிந்த ஒருவரின் தண்ணீர் லாரியில், முழுத் தொட்டியோடும் பாதித் தொட்டியோடும் கொஞ்ச காலம் ஓட்டிப் பழகும்படி நான் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். பயிற்சிப் பள்ளிகளும் இதையே களப் பயிற்சியாக வைக்கலாம். அதற்குத் தேவையான வண்டி ஒவ்வொரு ஊரிலும் நிற்கிறது.

அலுவலக வேலையைப் பொறுத்தவரை பள்ளி ஒழுங்காக நடந்துகொண்டது. வகுப்பு முடிந்ததும் சான்றிதழைத் தாமதமில்லாமல் கொடுத்தார்கள், கட்டணத்துக்கு ரசீதும் கொடுத்தார்கள். ஆனால் வாசலிலேயே நின்றுகொண்டு ஆர்.டி.ஓ. வேலையை முடித்துத் தருவதாகத் தனித் தொகை கேட்ட இடைத்தரகர்களைப் பள்ளி கண்டுகொள்ளாமல் இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. எண்டார்ஸ்மென்டுக்கான விண்ணப்பத்தை ஓட்டுநர் உரிமச் சேவைகளுக்கான அரசின் சாரதி இணையதளத்தில் நாமே போடலாம். தொகை கட்டுவதும் சான்றிதழைப் பதிவேற்றுவதும் அங்கேயே முடியும். அசல் ஆவணங்களை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நேரில் போனால் போதும்.

சேரும் முன் பள்ளியிடம் கேட்க வேண்டியவை உண்டு. மாநில அரசின் அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா, மூன்றாம் நாள் பாடத்தை எடுப்பவர் எரிபொருள் அல்லது ரசாயனத் துறையில் வேலை பார்த்தவரா, களப் பயிற்சியில் ஒவ்வொருவருக்கும் தனியே வண்டி கொடுப்பார்களா, டேங்கர் ஒன்றை வால்வோடு காட்டுவார்களா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். மூன்று நாளும் முழுமையாக உட்காராமல் சான்றிதழ் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். மூன்றாண்டு கழித்துப் புதுப்பிக்கும்போது ஒரு நாள் புத்தாக்கப் பயிற்சி கட்டாயம்; காலாவதித் தேதி நெருங்கும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே இடம் பதிந்துகொள்வது நல்லது. எரிவாயுக் கசிவுக்கான 1906, தீயணைப்புக்கான 101, எல்லா அவசரத்துக்குமான 112 ஆகிய எண்களைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல், கேபினின் உள்பக்கத்தில் கிளீனருக்கும் தெரியும்படி பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். விபத்து நேர்ந்தால் உடனே காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பது விதிப்படி ஓட்டுநரின் கடமை.